வறண்ட வருசத்தில் யார் குறைப்பது? ஆற்று நீரைப் பங்கிட நான்கு வழிகள்

எங்கள் கட்டடம் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. முப்பத்திரண்டு வீடுகள். நிலத்துக்கடியில் ஒரு சம்ப், மொட்டைமாடியில் நான்கு டாங்கி. நீர்வெட்டு என்று குறுஞ்செய்தி வந்தால் வாச்சர் ஐயா சம்ப் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு நீளமான ஒரு தடியை உள்ளே விட்டு எடுப்பார். தடியில் சிவப்புப் பெயின்டால் மூன்று கோடு. ஈரம் இரண்டாவது கோட்டுக்குக் கீழே நின்றால் மோட்டர் காலையில் அரை மணி, பின்னேரம் அரை மணி. மூன்றாவதுக்குக் கீழே போனால் காலையில் மட்டும். உடுப்புக் கழுவக் கூடாது.

கோடு போடுவதற்கு முன்னும் எங்களிடம் ஒரு விதி இருந்தது. 'எல்லோருக்கும் சமமாக' என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தோம். தண்ணீர் இருந்த நாளெல்லாம் அது நல்ல விதி. ஒரு மார்ச் மாதம் இரண்டு நாள் பைப் வறண்டு, பவுசரும் வராமல் போனபோது, எவ்வளவு குறைப்பது என்று செயலாளர் தன் மனத்துக்குப் பட்டபடி முடிவெடுத்தார். நியாயமாகத்தான் எடுத்தார் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர் தன் மாடிக்குத்தான் திறந்துவிடுகிறார் என்று கதை கிளம்பி, மனிதர் பதவியை விட்டே போனார். இப்போது அந்தப் பிரச்சினை இல்லை. தடியோடு யார் சண்டை பிடிப்பது?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் ஒரு கேள்வி வந்தது. இந்தியாவும் பங்களாதேஷும் 1996 டிசம்பர் 12ஆம் திகதி கையெழுத்திட்ட கங்கை நீர் ஒப்பந்தத்தின் ஆயுள் 30 வருசம். 2026 டிசம்பரோடு அது நிறைகிறது. அடுத்ததை எழுத உலகத்தில் எந்த ஒப்பந்தத்தை மாதிரியாக எடுப்பது? அண்டை நாடுகள் ஆற்றைப் பகிர்ந்த விதங்களைப் பிடித்துப் பார்த்தால் நான்கு வழி தேறும். எனக்கு எதில் சாய்வு என்பதை அந்தத் தடியிலிருந்தே ஊகித்திருப்பீர்கள்.

முதல் வழி, ஆற்றையே பிரிப்பது. சிந்து நீர் ஒப்பந்தம் அப்படிப்பட்டது. 1960 செப்டெம்பர் 19இல் கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட, உலக வங்கி நடுவில் நின்றது. கிழக்கே ஓடும் ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. மேற்கே ஓடும் சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. பிரிவினை முடிந்து ஒரு வருசம்கூட ஆகாத 1948 ஏப்ரலில் கிழக்குப் பஞ்சாப் கால்வாய்களை அடைத்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, இனிமேல் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்க என்ன வழி என்று யோசித்து எழுதியதுபோல இருக்கும் அந்த ஒப்பந்தம். கோபித்துக்கொண்ட அண்ணன் தம்பி காணிக்கு நடுவே மதில் கட்டுகிற மாதிரி.

மதில் நன்றாகத்தான் நின்றது. 1965, 1971, 1999 கார்கில் என்று மூன்று சண்டையிலும் அது விழவில்லை. இரு நாட்டு ஆணையாளர்களும் தொடர்ந்து சந்தித்தார்கள். தண்ணீர் ஒப்பந்தம் என்றாலே எல்லோரும் காட்டுகிற உதாரணமாக அது ஆனதற்கு இதுதான் காரணம். ஆனால் 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. தண்ணீரில் எந்தக் குறையும் வராத ஒரு நாளில், வேறு கோபத்துக்காக, தண்ணீர் ஆயுதமானது. தவிர, இந்த வழி கங்கைக்குப் பொருந்தவும் பொருந்தாது. பிரிப்பதற்கு ஆறு ஆறுகள் இருந்ததால் அங்கே பிரித்தார்கள். கங்கை ஒன்றுதான். இதை இத்தோடு விடலாம்.

இரண்டாவது வழி, அளவைப் பிரிப்பது. இப்போது இருக்கிற கங்கை ஒப்பந்தமே இந்த வகைதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பங்களாதேஷ் எல்லைக்குச் சற்று மேலே இந்தியா கட்டிய பரக்கா அணைக்கட்டு 1975இல் இயங்கத் தொடங்கியது. கல்கத்தாத் துறைமுகத்தில் மண் படிகிறது, கங்கையிலிருந்து நீரைத் திருப்பி ஹூக்ளியில் விட்டால் மண் கழுவிப் போகும் என்பது திட்டம். அடுத்த வருசமே, 1976 மே மாதத்தில், பங்களாதேஷ் அரசியல் தலைவர் மௌலானா பாஷானி தள்ளாத வயதில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டிக்கொண்டு பரக்காவை நோக்கி நடந்தார். பங்களாதேஷ் அரசியலில் பரக்கா அன்றைக்கு ஒரு சொல்லாகிவிட்டது. எந்தத் தேர்தலிலும் எடுத்து வீசலாம். 1977இல் ஓர் உடன்பாடு, 1982இலும் 1985இலும் குறுகிய கால ஏற்பாடுகள், 1988க்குப் பிறகு எட்டு வருசம் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகுதான் தேவகௌடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட 1996 ஒப்பந்தம் வந்தது.

கணக்கு இதுதான். ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்துப் பத்து நாளாகப் பார்க்க வேண்டும். பரக்காவில் விநாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ வந்தால் பாதிக்குப் பாதி. 70,000க்கும் 75,000க்கும் இடையில் என்றால் பங்களாதேஷுக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. 75,000க்கு மேலே என்றால் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் பங்களாதேஷுக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரை, மிகவும் வறண்ட அந்த இரண்டு மாதத்தில், ஒரு பத்து நாள் ஒரு நாட்டுக்கு, அடுத்த பத்து நாள் மற்றதுக்கு என்று மாறி மாறி உறுதியாக 35,000. நல்ல பட்டியல்தான், ஒளிவு மறைவு கிடையாது. இரு நாட்டு ஆட்களும் பரக்காவிலும், கீழே பங்களாதேஷில் ஹார்டிங் பாலத்திலும் சேர்ந்து நின்று அளக்கிறார்கள்.

அப்புறம் ஒரு வரி வருகிறது. ஏதாவது ஒரு பத்து நாளில் நீர் 50,000க்குக் கீழே போனால், இரு அரசுகளும் உடனடியாகக் கலந்து பேசும்.

பேசும். அவ்வளவுதான். எவ்வளவு குறைப்பது, யார் முதலில், எந்த அளவு வரை என்று எதுவும் இல்லை. எங்கள் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அந்தக் கடதாசிதான் இது, கொஞ்சம் பெரிய எழுத்தில். பட்டியலோடு இணைத்த எதிர்பார்ப்பு அட்டவணை 1949 முதல் 1988 வரையான நாற்பது வருசச் சராசரியில் போடப்பட்டது. ஆனால் உத்தரப் பிரதேசமும் பீகாரும் மேலேயே எடுத்துக்கொண்ட பிறகு பரக்காவுக்கு வந்து சேருவதுதான் பங்குக்கு வருகிறது. ஒப்பந்தம் அமுலான முதல் கோடையிலேயே, 1997 மார்ச்சில், ஆறு சராசரியைவிட வெகுவாக வற்றியது. டாக்காவில் எதிர்க்கட்சிகளுக்கு அது போதுமாக இருந்தது.

அளவைப் பிரிக்கிற ஒப்பந்தங்கள் இந்த இடத்தில்தான் தடுக்குகின்றன. இஸ்ரேலும் ஜோர்தானும் 1994இல் செய்த சமாதான உடன்படிக்கையில் தண்ணீருக்கென்றே ஓர் இணைப்பு உண்டு. எந்தப் பருவத்தில் எத்தனை மில்லியன் கன மீற்றர் என்பது வரை எழுதியிருக்கிறது. வறட்சி வந்தால் என்ன என்பதற்கு வரி இல்லை. 1999இல் கடும் வறட்சி வந்தது. தான் கொடுப்பதைக் குறைக்கப்போவதாக இஸ்ரேல் சொன்னதும் ஜோர்தான் தலைநகர் அம்மான் கொதித்தது. பேசிச் சமாளித்தார்கள், ஆனால் சமாதானமே பிழையோ என்று கேட்கிறவர்களுக்கு வாய் கிடைத்துவிட்டது. நைலிலும் இப்படித்தான். 1959இல் எகிப்தும் சூடானும் 55.5 பில்லியன் கன மீற்றர், 18.5 பில்லியன் கன மீற்றர் என்று தங்களுக்குள் பங்கு போட்டபோது, நைலின் பெரும்பகுதியைத் தருகிற எத்தியோப்பியாவை யாரும் கேட்கவில்லை. எத்தியோப்பியா 2011இல் பெரிய அணையைத் தொடங்கி 2025 செப்டெம்பரில் திறந்தும்விட்டது. இடையில் 2020இல் வாஷிங்டனில் நடந்த பேச்சு எங்கே முறிந்தது தெரியுமா? அணையைக் கட்டலாமா என்பதில் இல்லை. தொடர்ந்து சில வருசம் மழை பொய்த்தால் தேக்கத்திலிருந்து எவ்வளவு திறந்துவிடுவது என்பதில்.

இதைப் படிக்கும்போது எனக்குப் பெரியப்பாதான் ஞாபகம் வந்தார். முரசுமோட்டையில் வயல் செய்கிறவர். இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் குடிநீர் கொண்டுபோகிற திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். கொழும்பில் இருந்த எங்களுக்கு, யாழ்ப்பாணத்தில் கிணறு உவராகிக்கொண்டிருக்க வன்னி தண்ணீர் தர மறுக்கிறதே என்று ஒரு மாதிரி இருந்தது. தொலைபேசியில் கேட்டுவிட்டேன். "தண்ணி தரமாட்டம் எண்டு ஆர் சொன்னது?" என்றார். "மழை பொய்ச்ச வருசம் எங்கட சிறுபோகத்துக்கு எவ்வளவு, உங்கட பைப்புக்கு எவ்வளவு எண்டு எழுதித் தரட்டும். வாயாலை சொல்லாதேங்கோ." அந்த எழுத்து கடைசிவரை ஒழுங்காக வரவில்லை. அதற்குப் பதிலாகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்தது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர், 2024இல் திறந்தார்கள். கடல்நீருக்குப் போவதை ஐந்தாவது வழி என்று சிலர் சொல்லுவார்கள். பணமும் மின்சாரமும் இருந்தால் குடிநீருக்குச் சரி. வயலுக்குக் கடல்நீரைச் சுத்திகரித்து விட முடியாது, பங்களாதேஷின் பிரச்சினை முக்கால்வாசியும் வயல், ஆறு, உப்பு ஏறுகிற கரையோரம்.

ஒரு நாட்டுக்குள்ளேயே, ஒரே பாஷை பேசுகிறவர்களுக்குள்ளேயே இப்படி. காவிரிக்காக 1991இல் பெங்களூரில் தமிழர் கடைகள் எரிந்ததைப் பேப்பரில் பார்த்தபோது கொழும்பில் எங்களில் பலருக்கு 1983 ஜூலை ஞாபகம் வந்தது. மாவிலாற்றில் 2006இல் மதகு மூடப்பட்டதையும் அதற்குப் பிறகு போர் மூண்டதையும் நான் இங்கே விளக்கத் தேவையில்லை.

நாடுகள் தண்ணீருக்காகவே நேரடியாகப் படையெடுத்தது மிக அரிது என்கிறார் ஆற்று ஒப்பந்தங்களைத் தொகுத்து ஆராய்ந்த ஆரன் வுல்ஃப். அப்படி ஒரு போரைத் தேடி அவர் 4,500 வருசம் பின்னால், மெசப்பொத்தேமியாவின் லகாஷ், உம்மா நகரங்கள் வரை போக வேண்டியிருந்தது. சரி, போர் வராது. ஆனால் அரசு ஆடும். ஆற்றை விட்டுக்கொடுத்தவன் என்ற பெயர் ஒட்டிவிட்டால் எந்த அமைச்சரும் எழும்ப முடியாது. அந்தப் பயத்தில் எவரும் எதையும் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். இந்தியாவிலிருந்து பங்களாதேஷுக்கு ஓடும் டீஸ்டா நதிக்கான உடன்பாடு 2011இல் கையெழுத்துக்குத் தயாராக இருந்தும், அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஒப்பாததால் நின்றுபோய் இன்னும் நிற்கிறது. அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது, கோடையில் அந்த மாநிலத்துக்கு என்ன மிஞ்சும் என்பதற்கு அவரிடம் காட்ட ஒரு கடதாசியும் இருக்கவில்லை.

மூன்றாவது வழி, அணையைச் சேர்ந்தே கட்டிச் சேர்ந்தே சொந்தம் கொண்டாடுவது. செனகல் ஆறு. சாஹேல் வறட்சி வாட்டிய 1972இல் மாலி, மொரித்தானியா, செனகல் மூன்றும் ஓர் அமைப்பை உண்டாக்கின. கினியா 2006இல் சேர்ந்தது. கழிமுகத்தில் டியாமா அணை, மேலே மாலியில் மனந்தாலி அணை. மனந்தாலி மாலி மண்ணில் நிற்கிறது, ஆனால் அது மாலியின் அணை இல்லை. மூன்று நாட்டுக்கும் பங்கு இருக்கிற சொத்து. மின்சாரத்தில் மாலிக்கு 52 வீதம், செனகலுக்கு 33, மொரித்தானியாவுக்கு 15.

வட்டத்தில் எங்கள் ரீச்சர் ஒருவர் இதில்தான் விடாப்பிடியாக நின்றார். கடனைச் சேர்ந்து வாங்கியவர்கள் பிரிந்துபோக முடியாது என்பது அவர் வாதம். 1989இல் செனகலுக்கும் மொரித்தானியாவுக்கும் இடையே ஆற்றங்கரை நிலத்தை ஒட்டிக் கலவரம் வெடித்து, ஆட்கள் செத்து, பல்லாயிரம் பேர் துரத்தப்பட்டு, தூதுவர்களைக்கூடத் திருப்பி அழைத்தபோதும் அந்த அமைப்பு உடையவில்லை. அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அணை வந்ததும் கரையோர நிலத்தின் மதிப்பு ஏறியதும் அந்தக் கலவரத்துக்கு எரிகிற கொள்ளியில் ஒன்று. அதைவிட, செனகல் ஆற்றில் ஆரம்பிக்கும்போது பெரிய அணை எதுவும் இல்லை, வெறும் பலகையில் எழுதினார்கள். கங்கையில் பலகை முழுக்க எழுத்து. டெல்லி தன் அணைக்கட்டில் டாக்காவுக்குப் பங்கு எழுதிக் கொடுக்கும் என்று நம்ப எனக்குத் துணிவு இல்லை. மேகொங் ஆணைக்குழுவையும் ஒருவர் சொன்னார். 1995இல் இருந்து நான்கு நாடுகள் இருக்கின்றன, ஆற்றின் தலைப்பக்கம் இருக்கிற சீனா உறுப்பினர் இல்லை. தலைமதகு ஆள் இல்லாத வாய்க்கால் கமிட்டி.

நான்காவது வழிதான் நான் எடுப்பது: குறைவைப் பிரிப்பது. இதற்கு உதாரணம் அமெரிக்காவும் மெக்சிக்கோவும். சுவாரசியம் என்னவென்றால், அந்த இரண்டு நாடும் ஒரே ஒப்பந்தத்தில், 1944இல், இரண்டு பெரிய ஆறுகளைப் பற்றி எழுதின. ஓர் ஆற்றில் குறைவைப் பிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். மற்றதில் இல்லை.

ரியோ கிராண்டேயில் மெக்சிக்கோ கொடுக்க வேண்டும்: வருசத்துக்குச் சராசரி 350,000 ஏக்கர் அடி, ஐந்து வருசத்துக்குள் கணக்கை முடிக்க வேண்டும். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் ஏக்கர் அடி. நம் குளத்துக் கணக்கும் அதில்தான். 'அசாதாரண வறட்சி' வந்தால் பாக்கியை அடுத்த ஐந்து வருசத்துக்குத் தள்ளலாம். அசாதாரணம் என்றால் எவ்வளவு? எழுதவில்லை. 2020இல் தவணை முடிகிற நேரம், பாக்கியை அடைக்க மெக்சிக்கோ அரசு சிவாவா மாநிலத்து அணையைத் திறக்கப் போனபோது, அங்குள்ள விவசாயிகள் தேசியக் காவல் படையைத் துரத்திவிட்டு லா போக்கியா அணையையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் சுடப்பட்டு இறந்தார். எல்லைக்கு அப்பால் டெக்சாஸ் விவசாயிகள் வேறு கத்துகிறார்கள். 2025இல் அது இறக்குமதி வரி போடுவோம் என்று அமெரிக்க ஜனாதிபதி மிரட்டுகிற அளவுக்கு வந்தது.

கொலராடோவில் எதிர்ப்பக்கம்: அமெரிக்கா மெக்சிக்கோவுக்கு வருசத்துக்கு 1.5 மில்லியன் ஏக்கர் அடி கொடுக்க வேண்டும். இங்கேயும் முதலில் அதே 'அசாதாரண வறட்சி' என்ற மொட்டை வரிதான். ஆனால் 2012இலும் 2017இலும் இரு நாட்டு எல்லை ஆணைக்குழு துணை உடன்பாடுகள் போட்டது. கொலராடோ நீரைத் தேக்கி வைக்கிற மீட் ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,075 அடியில் அல்லது அதற்குக் கீழே என்றால் மெக்சிக்கோ 50,000 ஏக்கர் அடி குறைத்துக்கொள்ளும். 1,050க்குக் கீழே 70,000. 1,025க்குக் கீழே 125,000. அதே கோடுகளில் அரிசோனாவும் நெவாடாவும் சேர்ந்து இன்னும் பெரிய தொகையைக் குறைக்க வேண்டும். தண்ணீர் மிச்சமான வருசம் மெக்சிக்கோ தன் பங்கை அமெரிக்க ஏரியிலேயே வைத்து வைக்கலாம். 2010 நிலநடுக்கத்தில் மெக்சிகாலிப் பக்கம் கால்வாய்கள் உடைந்து நீரை எடுக்க முடியாமல் இருந்தபோது தொடங்கிய பழக்கம் அது.

ஏரி 2021இல் முதல் கோட்டுக்குக் கீழே போனது. 2022இல் மெக்சிக்கோவின் நீர் குறைந்தது. யாரும் அணையைப் பிடிக்கவில்லை. ஜனாதிபதி எவரும் தொலைக்காட்சியில் தோன்றி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெக்சிகாலி விவசாயிக்குச் சந்தோசமா என்றால் இல்லை, ஆனால் அரிசோனா விவசாயிக்கும் அதே நாளில் வெட்டு விழுந்ததை அவர் பார்த்தார். நான் கொடுக்கவில்லை, ஏரி இறங்கிவிட்டது, பட்டியலைப் பார் என்று ஓர் அமைச்சர் தன் ஆட்களுக்குச் சொல்லலாம். அந்த ஒரு வசதிக்காகவே இந்த வழிக்கு நான் கை தூக்குகிறேன்.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்றும் நினைக்க வேண்டாம். வறண்ட சிறுபோகத்தில் குளத்துக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் விதைத்து, அதைத் தூரத்து வயற்காரருக்கும் அந்தப் போகத்துக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிற பெத்ம முறை இந்தத் தீவில் பழசு. எத்தனை ஏக்கர் என்பதைக் குளத்து மட்டம்தான் தீர்மானிக்கும். இரணைமடுவில் சிறுபோகக் கூட்டத்தில் பெரியப்பாவுக்கு எத்தனை ஏக்கர் விழும் என்பதும் கட்டில் நிற்கிற அடிக்கம்பத்தைப் பார்த்துத்தான்.

ஆனால் கொலராடோவை அப்படியே தூக்கிக் கங்கையில் வைக்க முடியாது. மீட் ஏரி ஒரு பெரிய தேக்கம், இறங்குவது முன்கூட்டியே தெரியும். பரக்கா வெறும் அணைக்கட்டு, வருகிறதைத் திருப்பும், தேக்காது. கோடு போட ஏரி இல்லை. அதனால் ஓட்டத்தில்தான் கோடு போட வேண்டும்: 50,000, 45,000, 40,000 என்று படிப்படியாக. ஒவ்வொரு படியிலும் ஹூக்ளிக்கு எவ்வளவு, பத்மாவுக்கு (பங்களாதேஷில் கங்கையின் பெயர் அது) எவ்வளவு என்பது முன்கூட்டியே எழுத்தில். அளவுமானியும் பரக்காவில் மட்டும் இருந்தால் போதாது, மேலே பீகாரில் ஒன்றிரண்டு இடத்திலாவது வேண்டும். இல்லாவிட்டால் மேலே எவ்வளவு எடுத்தாலும் கீழே இருக்கிறவர்கள் பிரிக்கப்போவது மிச்சத்தைத்தான். பீகார் இதற்கு இலேசில் சம்மதிக்காது. கோடைக் கங்கையில் பெரும்பகுதி நேபாளத்து ஆறுகள் வழியாக வருகிறது, நேபாளம் இந்த ஒப்பந்தத்திலேயே இல்லை. அதையும் சேர்க்கப்போனால் டிசம்பரும் போய்விடும், அடுத்த டிசம்பரும் போய்விடும். முதலில் இரண்டு பேருக்குள் படிகளைப் போடட்டும் என்பது என் அபிப்பிராயம். இப்போதைய பட்டியலைக் கிழிக்க வேண்டியதில்லை. 70,000, 75,000 வரிகள் அப்படியே இருக்கலாம். 'கலந்து பேசும்' என்ற அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பக்க அட்டவணை.

இன்னொன்று: மெக்சிக்கோவோடு போட்ட அந்தத் துணை உடன்பாடும் 2026 டிசம்பர் 31 வரைக்குத்தான். கோடுகளைப் புதிதாக எங்கே போடுவது என்று அவர்களுக்கும் அதே நேரத்தில் தலையிடி. ஏரி அவர்கள் நினைத்ததைவிட வேகமாக இறங்கிவிட்டது.

வட்டத்தில் கைதூக்கியபோது நான்காவது வழிக்கு ஆறு பேர், செனகலுக்கு ரீச்சரும் இன்னொருவரும். இறங்கி வரும்போது ரீச்சர் எங்கள் சம்ப் பக்கம் நின்று தடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கோடுகளை ஆர் போட்டது?" என்று கேட்டார். வாச்சர் ஐயா, பழைய செயலாளர்தான், போகிறபோது போட்டுவிட்டுப் போனார் என்றார்.